ஜூன் 12, நவம்பர் 15, 17 சதவீதம்: காவிரி டெல்டா, ஒரு நிகழ்வு ஆய்வு

2023 பிப்ரவரி முதல் வாரம். டெல்டாவில் சம்பா, அதாவது மழைக்கு முன் நட்டுத் தையில் அறுக்கும் நீண்ட கால நெல், கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. சில ஊர்களில் அறுவடை இயந்திரம் இறங்கியிருந்தது, பல ஊர்களில் வண்டிக்குக் காத்திருந்தார்கள். வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் ஒன்று இலங்கையைத் தொட்டுக் கடக்கும்போது திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் பக்கமெல்லாம் இரண்டு மூன்று நாள் விடாமல் மழை. நின்ற பயிர் படுத்தது. படுத்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைவிட்டது. நெல் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பாக ஈர வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்துவிடுவது அங்கே வழக்கம். அதுவும் அழுகிப்போனது.

தை பிறந்த பிறகு வானம் வெளுத்துவிடும் என்ற கணக்கில்தான் சம்பாவின் கடைசி மாதம் இத்தனை தலைமுறையாக ஓடியிருக்கிறது. 2021 ஜனவரியிலும் இப்படித்தான், பொங்கலை ஒட்டி அடித்த மழையில் அறுவடைக்கு நின்ற நெல் போனது. இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு தடவை.

பருவநிலை மாற்றம் ஒரு நாட்டின் விவசாயத்தை என்ன செய்யும் என்று கேட்டால், வழக்கமாக வெப்பநிலை வரைபடமும் 2050க்கான மதிப்பீடும்தான் பதிலாக வரும். நான் டெல்டாவை எடுத்துக்கொள்கிறேன். சேதம் எந்த வழியாக உள்ளே நுழைகிறது என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. அது தேதிகள் வழியாக நுழைகிறது.

தேதிகளால் கட்டிய ஊர்

மேட்டூர் அணை 1934இல் பயன்பாட்டுக்கு வந்தது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு. இதை நம்பி டெல்டாவில் சுமார் 16 லட்சம் ஏக்கர் இருக்கிறது.

இந்த ஜூன் 12க்குப் பின்னால் நுட்பமான கணக்கு ஒன்று உண்டு. அன்று திறந்தால் நாலைந்து நாளில் தண்ணீர் கல்லணைக்கு வரும். நாற்று விட்டு, இருபத்தைந்து நாளுக்குள் பறித்து நட்டால், ஆடுதுறை 36, ஆடுதுறை 43, கோ 51 மாதிரியான 105 முதல் 115 நாள் ரகங்கள் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதல் பாதியிலோ அறுவடைக்கு வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். ஆக, குறுவை என்பது மழைக்கு முன்னால் நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும் ஓட்டப்பந்தயம். பத்து நாள் பிந்தினால் தீபாவளி மழையில் அறுக்க வேண்டியதுதான்.

சம்பாவுக்குக் கணக்கு வேறு. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பார்கள். அந்த மழை வருவதற்குள் பயிர் வேர் பிடித்துத் தூர் கட்டி, தண்ணீர் தேங்கினாலும் தலை வெளியே தெரியும் உயரத்துக்கு வந்திருக்க வேண்டும். அப்புறம் மழை ஓய்ந்து, பனியிலும் வெயிலிலும் கதிர் முற்றித் தையில் அறுக்க வேண்டும். அணை தாமதமாகத் திறந்தால் இந்த இரண்டுமே கெடும். நட்டு பத்து நாளான குழந்தைப் பயிர் நவம்பர் வெள்ளத்தில் மூழ்கும், தப்பிப் பிழைத்தது பிப்ரவரி மழையில் மாட்டும்.

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டு மேட்டூர் ஜூன் 12இல் திறக்கவே இல்லை. 2016இல் செப்டம்பர் 20, 2017இல் அக்டோபர் 2. அக்டோபரில் தண்ணீர் விட்டு 150 நாள் சம்பா ரகம் போட்டால் எந்த மாதத்தில் அறுப்பது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த எட்டு ஆண்டையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்டுவது நேர்மையாக இருக்காது. கர்நாடகத்துடனான பங்கீட்டுச் சண்டைக்கும், மேலே பாசனப் பரப்பு கூடியதற்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் மழை சரியாகப் பெய்த ஆண்டுகளில் அந்தச் சண்டை தானாகவே அடங்கிவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

மொத்தக் கணக்கு சரி, நாள் கணக்கு தப்பு

உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16இல் கொடுத்த தீர்ப்புப்படி, கர்நாடக எல்லையில் தண்ணீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி வர வேண்டும். அதை மாதவாரியாகவும் பிரித்திருக்கிறார்கள்: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76, இப்படி. தாளில் அழகான அட்டவணை. அது நம்பியிருப்பது தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் பழைய தாளகதியில் பெய்வதை.

அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளை மட்டும் பார்ப்போம்.

2022இல் மேட்டூர் மே 24இலேயே திறக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் தடவை. அந்த நீர் ஆண்டில் (ஜூன் முதல் மே வரை) பிலிகுண்டுலுவில் 600 டிஎம்சிக்கு மேல் வந்தது, அதாவது தீர்ப்பு சொன்னதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். குறுவை 5 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. அந்த மகிழ்ச்சியான ஆண்டின் முடிவில்தான் நான் மேலே சொன்ன பிப்ரவரி மழை வந்தது.

2023இல் ஜூன் 12இல் சரியாகத் திறந்தார்கள். நம்பி நாற்று விட்டார்கள். ஆனால் அந்த ஆகஸ்ட், 1901 முதல் இருக்கும் பதிவுகளிலேயே இந்தியாவின் மிக வறண்ட ஆகஸ்ட். இயல்பைவிட 36 சதவீதம் குறைவு. கர்நாடக அணைகள் நிரம்பவில்லை, காவிரி மேலாண்மை ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும் வினாடிக்கு 5,000 கன அடி விடச் சொன்னதற்கே பெங்களூரில் கடையடைப்பு நடந்தது. அக்டோபர் 10இல் மேட்டூரை மூட வேண்டியதாயிற்று. வாய்க்கால்களின் கடைசிப் பகுதியான கடைமடையில் குறுவை கருகியது. அந்த நீர் ஆண்டு முழுவதற்கும் வந்த தண்ணீர் 100 டிஎம்சியைக்கூட எட்டவில்லை.

2024இல் ஜூன் 12 அன்று அணையில் 43 அடி அளவுக்குத்தான் தண்ணீர். குறுவையை மறந்துவிடுங்கள் என்ற நிலை. ஜூலைப் பின்பாதியில் கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளின் நீர்ப்பிடிப்பில் கொட்டித் தீர்த்தது. ஜூலை 28இல் திறந்தார்கள், 30இல் 120 அடி நிரம்பிவிட்டது. உபரி கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. குறுவைக்குத் தண்ணீர் இல்லாமல் தரிசாகக் கிடந்த வயலைத் தாண்டித்தான் அந்த வெள்ளம் போனது.

மூன்று ஆண்டுக்கும் சராசரி எடுத்தால் டெல்டாவுக்குத் தேவைக்கு அதிகமாகவே தண்ணீர் வந்ததாகத் தெரியும். அந்தச் சராசரியை வைத்துக்கொண்டு ஒரு வயலில்கூட நடவு நட முடியாது. இந்தியப் பருவமழை பற்றிப் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீடு சொல்வதும் இதுதான்: மொத்த மழை கொஞ்சம் குறைந்திருக்கிறது, 1951 முதல் 2015 வரை சுமார் 6 சதவீதம். கூடவே, பெய்யும் நாளில் கொட்டுவதும் நடுவில் நீண்ட நாள் காய்வதும் அதிகமாகியிருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி அதே காலத்தில் 1 டிகிரி அளவுக்குச் சூடாகியிருக்கிறது. சூடான கடல் அதிக ஈரத்தை மேலே அனுப்பும். அது எங்கே, எந்த வாரத்தில் இறங்கும் என்பதில்தான் பிரச்சினை.

மழையே வராத ஆண்டும் உண்டு. 2016 வடகிழக்குப் பருவமழையில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் அன்றிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அந்த ஆண்டுதான் டெல்டா விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளுடன் உட்கார்ந்தார்கள்.

17 சதவீதம் என்ற கோடு

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி நெல்லை ஈரப்பதமானியில் போட்டுப் பார்ப்பார்கள். 17 சதவீதத்துக்குள் இருந்தால் எடை. தாண்டினால் காயவைத்துக் கொண்டு வா. குறுவை அறுவடையில், ஐப்பசி மேகத்துக்குக் கீழே, செயின் வண்டி (அறுவடை இயந்திரம்) வைத்து அறுத்த நெல்லில் 20 முதல் 24 வரை ஈரம் இருப்பது சாதாரணம். காயவைக்கக் களம் இல்லை. சாலையில் கொட்டுவார்கள், தார்ப்பாய் போடுவார்கள், வெயில் தெரிந்தால் விரிப்பார்கள், தூறினால் ஓடிவந்து குவிப்பார்கள். மூன்றாம் நாள் குவியலுக்குள் கை விட்டால் சூடாக இருக்கும். ஐந்தாம் நாள் முளை தெரியும்.

17 என்பது அதிகாரிகளின் வீம்பு என்று நினைத்துவிடக் கூடாது. ஈரம் மிகுந்த நெல்லைச் சாக்கில் கட்டிக் கிடங்கில் அடுக்கினால் கறுத்துப்போகும், பூஞ்சை பிடிக்கும், அரைக்கும்போது நொறுங்கும். இன்னொரு கணக்கும் உண்டு. 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17க்குக் காயவைத்தால் 94 கிலோதான் மிஞ்சும். அந்த 6 கிலோ தண்ணீருக்கு யார் காசு கொடுப்பது? மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையே நடக்கும் ஈரப்பதச் சண்டையின் அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான்.

நடைமுறை எப்படி என்றால்: மழை பெய்கிறது. நெல் நனைகிறது. மாநில அரசு 22 சதவீதம் வரை தளர்த்தக் கேட்டுக் கடிதம் எழுதுகிறது. மத்தியக் குழு வருகிறது. மாதிரி எடுக்கிறது. ஆய்வகத்துக்குப் போகிறது. அப்புறம் ஆணை வருகிறது. 2023 பிப்ரவரியில் கேட்டது 22, கிடைத்தது 20 வரை. மழை பெய்து இரண்டு வாரத்துக்கு மேலாகியிருந்தது. அதற்குள் பலர் கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிட்டிருந்தார்கள். 2025 அக்டோபரிலும் அதே கடிதம், அதே குழு, கொள்முதல் நிலைய வாசலில் அதே முளைத்த நெல்.

ஆண்டுக்கு ஒரு தடவை விதிவிலக்கு கேட்க வேண்டியிருக்கிறது என்றால், பழுது விதியில்தான் இருக்கிறது. டெல்டா விவகாரத்தில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இது.

எல்லாத் தேதியும் நகராமல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொள்முதல் பருவம் அகில இந்திய அளவில் அக்டோபர் 1இல் தொடங்கும். 2022இல் அணை முன்கூட்டியே திறந்ததால் குறுவை சீக்கிரம் வந்தது, தமிழ்நாடு கேட்டது, செப்டம்பர் 1 ஆனது. அடுத்த ஆண்டுகளிலும் அதுவே தொடர்ந்தது. மழைக்கு முன்னால் ஒரு மாதம் கிடைத்தது. காசு அதிகம் செலவாகாத, உருப்படியான மாற்றம். ஆனால் கொள்முதல் நிலையமும் சாக்கும் லாரியும் அந்த வேகத்துக்கு ஓடவில்லை என்பதைத்தான் 2025 காட்டியது. வாசலில் மூட்டை நகராமல் கிடந்தால் தேதி முன்னால் வந்து என்ன பயன்?

காப்பீடு, நிவாரணம்

சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்யக் கடைசி நாள் நவம்பர் 15. அணை பிந்தித் திறந்த ஆண்டில் அந்த நேரத்தில் பலர் நடவே முடித்திருக்க மாட்டார்கள். மழை நாள், கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (யார் எந்த நிலத்தில் என்ன பயிர் செய்கிறார் என்ற பதிவு) வாங்க வரிசை, இ-சேவை மையத்தில் சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்புறம் கடைசி நேரத்தில் நீட்டிப்பு அறிவிப்பு வரும். 2022, 2023, 2024 மூன்று ஆண்டிலும் நீட்டித்தார்கள். இங்கேயும் விதிவிலக்கே வழக்கமாகிவிட்டது.

குறுவை நிலைமை இன்னும் மோசம். 2023இல் டெல்டா குறுவைக்குப் பயிர்க் காப்பீடே இருக்கவில்லை. மாநில அரசு அதற்குப் பதில் விதை, உரம், இயந்திர நடவுக்கு மானியம் கொடுக்கும் குறுவைத் தொகுப்பு என்ற திட்டத்தை நடத்துகிறது. நடுவதற்கு அது உதவும், கருகினால் உதவாது. 2023இல் கருகிய குறுவைக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் அறிவித்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் நனைந்த சம்பாவுக்கு அறிவித்தது 20,000. 13,500 என்றால் ஏக்கருக்கு சுமார் 5,500. நாற்று, நடவு, உழவு மூன்றுக்கும் சேர்த்துப் போதாது. அதுவும் 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று கணக்கெடுப்பில் வந்தால்தான். கோயில் நிலத்திலும் வாய்மொழிக் குத்தகையிலும் பயிர் செய்கிறவர்களுக்குப் பட்டாவும் இல்லை, பல இடங்களில் அடங்கலில் பெயரும் இல்லை. அவர்களுக்கு 13,500 என்பதும் செய்தித்தாளில் பார்க்கும் எண் மட்டுமே.

டெல்டாவுக்கு மட்டுமா?

இது தஞ்சாவூர்க் கதை மட்டும் என்று யாராவது நினைத்தால், பஞ்சாபுக்குப் போவோம். 2022 மார்ச், இந்தியாவில் 1901க்குப் பிறகு மிக வெப்பமான மார்ச். கோதுமை பால் பிடிக்கும் பருவம். அந்த நேரத்தில் சூடு ஏறினால் மணி நிரம்புவதற்குள் பயிர் பழுத்துவிடும், மணி சுருங்கிப்போகும். அரசு பிப்ரவரியில் போட்ட மதிப்பீடு 11.13 கோடி டன். மே மாதம் அது 10.64 கோடிக்கு இறங்கியது. உக்ரைன் போரால் வெளிச்சந்தை விலை குவிண்டாலுக்கு 2,015 ரூபாய் என்ற அரசின் ஆதரவு விலைக்கு மேலே ஏறியதும் சேர்ந்துகொள்ள, முந்தைய ஆண்டு 433 லட்சம் டன் வாங்கிய அரசுக்குக் கிடைத்தது 188 லட்சம் டன்தான். மே 13இல் ஏற்றுமதித் தடை. மே 15இல், சுருங்கிய மணிக்கான வரம்பை 6 சதவீதத்திலிருந்து 18க்குத் தளர்த்தினார்கள். பஞ்சாபில் அறுவடை ஏப்ரலிலேயே ஏறக்குறைய முடிந்துவிடும். ஈரப்பதத்துக்குப் பதில் சுருக்கம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதன் அடுத்த கண்ணி நம் ஊருக்கு வருகிறது. இலவச ரேஷன் திட்டத்தில் 55 லட்சம் டன் கோதுமையைக் குறைத்து அந்த இடத்தில் அரிசியைக் கொடுத்தார்கள். நாட்டின் சுமை அரிசி மேல் சாய்ந்தது. 2022 செப்டம்பரில் குருணை ஏற்றுமதிக்குத் தடை, 2023 ஜூலை 20இல் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் தடை. உலக அரிசி வணிகத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்தியாவுடையது. பஞ்சாபில் ஒரு மார்ச் சுட்டதில் ஆப்பிரிக்கச் சந்தையில் அரிசி விலை ஏறியது என்றால் மிகைதான், எல் நினோவால் மழை குறையும் என்ற பயமும் உள்நாட்டு விலையும்கூட அந்தத் தடைகளுக்குக் காரணம். ஆனாலும் கயிறு அந்தப் பக்கமும் போகிறது.

நாட்டளவு மதிப்பீடுகளையும் இங்கே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். தகவமைப்பு எதுவும் செய்யாவிட்டால் 2050இல் மானாவாரி நெல் விளைச்சல் 20 சதவீதம், கோதுமை 19.3 சதவீதம் குறையலாம், பாசன நெல் 3.5 சதவீதம் மட்டும் குறையும் என்று இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிக்ரா திட்டம் கணிக்கிறது. பாசன நெல்லுக்கு வெறும் 3.5 என்பதைப் படித்துவிட்டு டெல்டாக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கலாம் என்று தோன்றும். அந்தக் கணக்கு, பாசனம் என்று எழுதியிருக்கிற நிலத்துக்குப் பயிர் கேட்கும் நாளில் தண்ணீர் வந்துவிடும் என்று வைத்துக்கொண்டு போட்டது. 2023 குறுவையும் 2024 குறுவையும் பாசன நெல்தான்.

வெப்பம் தனியாகவும் வேலை செய்கிறது. பூக்கும் நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் செத்துக் கதிரில் பதர் கூடும். இரவு வெப்பம் இன்னும் நயவஞ்சகமானது. குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி ஏறினால் விளைச்சல் 10 சதவீதம் இறங்கியதைப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களில் எடுத்த பதிவுகள் காட்டின. 2004இல் வந்த ஆய்வு அது. மழைச் சேதத்துக்காவது நிவாரணம் கேட்கலாம். இரவு சூடாக இருந்ததற்கு எந்தப் படிவத்தில் எழுதுவது?

கையில் இருக்கும் வழிகள்

ரகங்கள் இருக்கின்றன. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து எடுத்த மரபணுவைச் சேர்த்த சி.ஆர். 1009 சப் 1, நீரில் மூழ்கியும் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். நவம்பர் வெள்ளத்துக்கு ஏற்றது. ஆனால் பிப்ரவரி மழையில் சாய்ந்த கதிர் முளைப்பதை அது தடுக்காது, இரண்டும் வேறு வேறு நோய். உப்பு ஏறும் கடைமடைக்குக் குழியடிச்சான் போன்ற பழைய ரகங்களைத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் மறுபடி பரவலாக்கியதில் மறைந்த நெல் ஜெயராமனுக்குப் பெரும் பங்கு உண்டு. விளைச்சல் குறைவு, கொள்முதல் நிலையத்தில் அவற்றுக்குத் தனி விலையும் கிடையாது. அதனால் பரப்பு சிறியதாகவே இருக்கிறது.

நேரடி விதைப்பு நாற்றங்கால் நாட்களை மிச்சப்படுத்தும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது தண்ணீரை மிச்சப்படுத்தும், வயலிலிருந்து வெளியேறும் மீத்தேனும் குறையும். ஆனால் முறை வைத்து ஆற்றில் தண்ணீர் விடும் இடத்தில், நாளைக்கு வரும் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் ஒருவர் இன்றைக்கு வயலைக் காயவிடுவார். மறுபடியும் தேதிதான்.

என்னைக் கேட்டால் முதல் காசை வடிகாலில் போடுவேன், இரண்டாவதை உலர்த்தும் இயந்திரத்தில். ஆகாயத்தாமரை அடைத்த வடிகாலைத் தூர்வாரும் வேலை ஒவ்வோர் ஆண்டும் மேட்டூர் திறப்புக்கு முன்னால் அவசர அவசரமாக நடக்கிறது, பாசன வாய்க்காலுக்கு இருக்கும் கவனம் வடிகாலுக்கு இருப்பதில்லை. உலர்த்தி ஒவ்வொரு பெரிய கொள்முதல் நிலையத்திலும் இருந்தால் 17ஆ 22ஆ என்ற கடிதப் போக்குவரத்தே வேண்டியதில்லை. ஈர நெல்லை வாங்கி, எடையில் அந்த 6 கிலோவைக் கழித்து, காயவைத்துக் கிடங்குக்கு அனுப்பலாம். விவசாயிக்கு நஷ்டம் 6 கிலோவோடு நிற்கும். இப்போது அது முழு மூட்டையாகப் போகிறது.

காப்பீட்டுக் கெடுவை அணை திறந்த நாளிலிருந்து எண்ணலாம். குறைந்தபட்சம் ஈரப்பதத் தளர்வையாவது, வானிலை மையம் கனமழை எச்சரிக்கை விடும் அன்றே அந்த மாவட்டத்துக்குத் தானாக அமலுக்கு வரும்படி எழுதி வைக்கலாம். ஐப்பசி மழை ஐப்பசியில் வரும் என்பதற்குக் குழு அமைத்து மாதிரி எடுக்க வேண்டியதில்லை.

2025இல் மேட்டூர் ஜூன் 12 அன்றே திறந்தது. குறுவை நன்றாக விளைந்தது. அக்டோபரில் மழை வந்தபோது நெல் கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தது.